பத்தொன்பது பேர்: சைக்கடெலிக் சிகிச்சையும் முதுமையின் மனநலமும்

சைக்கடெலிக் மருந்துகளின் துணையோடு நடந்த உளச்சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து அலசிய ஆய்வறிக்கை ஒன்று 2024இல் வெளியானது. அது எடுத்துக்கொண்டவை 36 ஆய்வுகள். அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் 1,400 பேர். அவர்களில் 65 வயதை எட்டியவர்கள் 19 பேர் மட்டுமே. நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை.

சைலோசைபின், எல்எஸ்டி போன்ற சைக்கடெலிக் பொருள்கள் மனத்தின் வழக்கமான நிலையைச் சில மணி நேரத்துக்கு முற்றாக மாற்றிவிடக்கூடியவை. போதைப்பொருள் என்று ஒதுக்கப்பட்டிருந்த இவற்றின் பக்கம் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்ததற்கு முக்கியக் காரணம், சாவை எதிர்நோக்கியிருந்தவர்களிடம் இவை காட்டிய பலன். இறப்பைப் பற்றிய அச்சம், உடன் வாழ்ந்தவர்களை இழந்த துயரம், இனி யாருக்காக வாழ்வது என்ற வெறுமை ஆகியவை எந்த வயதிலும் வரலாம். ஆனால் இவை மூன்றும் ஒன்றாக வந்து நிலைத்துவிடும் பருவம் முதுமை. அந்தப் பருவத்தின் கேள்விகளுக்கு நடுவயதினரை வைத்து விடை தேடியிருக்கிறது இந்தத் துறை.

முதியவர்களைப் பற்றி இருக்கும் சிறிதளவு சான்றுகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஒரு போக்கு தெரிகிறது. வயதானவர்களுக்கு இந்தச் சிகிச்சை உதவுகிறது என்றால், அந்த உதவியில் மருந்தின் வேகத்தைவிட உடனிருப்பவர்களின் பங்கு பெரிதாக இருக்கக்கூடும். இதை உறுதிசெய்வதோ மறுப்பதோதான் இனி வரும் ஆய்வுகளின் முதல் வேலை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சாவுப் படுக்கையருகே தொடங்கிய வரலாறு

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் எல்எஸ்டியைத் தயாரித்தார். மனத்தின்மீது அதற்குள்ள ஆற்றலை அவர் உணர்ந்தது 1943இல். மெக்சிகோக் காளான்களிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தவரும் அவரே, ஆண்டு 1958. ஆனால் அந்தக் காளான்களின் பயன் ஆய்வகத்தில் பிறந்ததில்லை. மெக்சிகோவின் ஓஹாக்கா மலைப்பகுதியில் மசாடெக் மக்கள் நோய் தீர்க்கும் இரவுச் சடங்குகளில் அவற்றை நெடுங்காலமாக உண்டுவந்தனர். 1955இல் ஆர். கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் மரியா சபினா என்ற பெண் வைத்தியரின் சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் லைஃப் இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்தச் சடங்கில் நோயாளி தனியே விடப்படுவதில்லை. வைத்தியர் பாடிக்கொண்டும் பிரார்த்தித்துக்கொண்டும் இரவு முழுவதும் உடனிருப்பார்.

மேற்கத்திய மருத்துவர்கள் முதலில் காளானின் வேதிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உடனிருப்பதன் தேவையைப் பிறகுதான் கற்றார்கள். சிகாகோ மருத்துவர் எரிக் காஸ்ட் 1964இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான வலியில் இருந்த 50 நோயாளிகளுக்கு எல்எஸ்டியை வெறும் வலிநிவாரணியாகக் கொடுத்துப் பார்த்தது. அபின்வகை மருந்துகளைவிட நீண்ட நேரம் வலி தணிந்தது. காஸ்ட் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது: சாவு நெருங்குவதைப் பற்றிச் சில நோயாளிகள் முன்போலக் கலங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1963 நவம்பர் 22 அன்று, எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி தன் கடைசி மணி நேரங்களில் எல்எஸ்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு அதைச் செலுத்திய மனைவி லாரா, உயிர் பிரியும்வரை அருகிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

மேரிலாந்து மாநிலத்தின் ஸ்பிரிங் குரோவ் மருத்துவமனையில் இது முறையான சிகிச்சையாக வடிவம் பெற்றது. அங்கே எல்எஸ்டி ஆய்வு ஏற்கெனவே குடிநோயாளிகளுக்காக நடந்துவந்தது. 1960களின் நடுவில், புற்றுநோய் முற்றிய ஊழியர் ஒருவருக்கும் அந்தச் சிகிச்சை தரப்பட்டதிலிருந்து ஆய்வின் திசை மாறியது. மருத்துவமும் இறையியலும் பயின்ற வால்டர் பாங்கே, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த உளநோய் மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் குரோஃப், உளவியலாளர் வில்லியம் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் புற்றுநோயாளிகளுடன் வேலைசெய்தார்கள். மருந்துக்கு முன்பு பல மணி நேரப் பேச்சு, மருந்து நாளில் இடைவிடாத உடனிருப்பு, பிறகு அனுபவத்தை அசைபோடும் அமர்வுகள் என்று அவர்கள் வகுத்த மூன்று கட்டங்களே இன்றைய ஆய்வுகளுக்கும் அடிப்படை. நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர் ஏதோ ஓர் அளவில் தேறியதாக அவர்கள் பதிவுசெய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால் அந்தக் கணக்கை இன்று அப்படியே ஏற்க முடியாது.

1970இல் அமெரிக்கச் சட்டமும் 1971இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையும் இந்தப் பொருள்களை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வுகள் நின்றுபோயின.

இரண்டாம் வருகை

கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் குரோப் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. புற்றுநோய் முற்றிய 12 பேருக்கு மிதமான அளவில் சைலோசைபின் தரப்பட்டது. பங்கேற்றவர்களின் வயது 36 முதல் 58 வரை. சாவைப் பற்றிய ஆய்வில் அறுபதைத் தொட்டவர் ஒருவருமில்லை.

2016 டிசம்பரில் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாகின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸின் குழு 51 பேரையும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ராஸின் குழு 29 பேரையும் ஆராய்ந்தன. அனைவரும் புற்றுநோயாளிகள், மனச்சோர்வும் பதற்றமும் அவர்களை வாட்டிக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸில் முழு அளவு மருந்தும் மிகக் குறைந்த அளவு மருந்தும் ஒப்பிடப்பட்டன; நியூயார்க்கில் ஒப்பீட்டுக்கு நியாசின் என்ற வைட்டமின். ஆறு மாதம் கழித்தும் ஹாப்கின்ஸ் ஆய்வில் பத்துக்கு எட்டுப் பேரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கணிசமாகக் குறைந்தே இருந்தன. ஒரே ஒரு முழு அளவு மருந்துக்கு இவ்வளவு நீடித்த பலன் என்பது உளநோய் மருத்துவத்தில் அரிது. இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்றவர்களின் சராசரி வயது 56 அளவில் இருந்தது.

மருந்து நாள் எப்படி நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மருத்துவமனை அறை ஒரு வீட்டுக் கூடம்போல ஒழுங்குசெய்யப்பட்டிருக்கும். நோயாளி கண்ணை மூடும் பட்டை கட்டிக்கொண்டு, இசை கேட்டபடி சாய்ந்திருப்பார். ஆறேழு மணி நேரம் இரண்டு சிகிச்சையாளர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். அதற்கு முன்பே அவருடைய வாழ்க்கைக் கதையைப் பல மணி நேரம் கேட்டிருப்பார்கள். எழுபது வயதில் தனியே வாழும் ஒருவரின் கதையை இத்தனை நேரம், இத்தனை கவனத்தோடு கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? மருந்தின் பலன் என்று நாம் குறித்துக்கொள்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. அது எவ்வளவு என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. இரு குழுக்களுக்கும் அதே கவனிப்பு கிடைத்ததால் அவற்றால் சொல்லவும் முடியாது.

கிரிஃபித்ஸுக்கே 2021இல் முற்றிய பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தன் நோயைப் பற்றியும் சாவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியபடியே 2023 அக்டோபரில், 77 வயதில் அவர் காலமானார். அந்த வயதினரைப் பற்றிய தரவு அவருடைய துறையில் அன்றும் ஏறக்குறைய வெற்றிடமாகவே இருந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் எஞ்சியவர்கள்

முதுமையின் துயரத்தை நேராக எடுத்துக்கொண்ட முதல் ஆய்வு, சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரையன் ஆண்டர்சன், ஜோஷுவா வூலி ஆகியோர் நடத்தியது. முடிவுகள் 2020இல் வெளியாகின. அவர்கள் தேர்ந்துகொண்டவர்கள் எய்ட்ஸ் நோயிலிருந்து நெடுநாள் தப்பி வாழும் ஒருபாலீர்ப்பு ஆண்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.

எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு அமெரிக்காவில் 1981இல் வெளியானது. வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கில்தான் பரவலாகின. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அந்த நகரத்தில் ஒரு தலைமுறை ஆண்கள் தங்கள் காதலர்களையும் நண்பர்களையும் வரிசையாகப் புதைத்தார்கள். தங்களுக்கும் சில மாதங்களே மிச்சம் என்று நம்பி வேலையை விட்டார்கள், சேமிப்பைச் செலவழித்தார்கள். பிறகு மருந்து வந்தது, சாகவில்லை. சாவதற்குத் தயாரானவர்கள் தயாரிப்பே இல்லாமல் முதுமைக்குள் நுழைந்தார்கள். பணம் இல்லை, துணை இல்லை, தங்கள் இளமையை அறிந்த நண்பர்கள் யாரும் மிஞ்சவில்லை.

இவர்களிடம் அந்த ஆய்வு அளந்தது மனச்சோர்வை அல்ல, மனத்தளர்ச்சியை. உளநோய் மருத்துவத்தில் இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க வலியுறுத்தியவர்களில் ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் கிஸேன் முக்கியமானவர். மனச்சோர்வில் மகிழும் திறனே வற்றிவிடுகிறது. மனத்தளர்ச்சி உள்ளவர் பேரனைக் கண்டால் சிரிப்பார், நல்ல பாட்டைக் கேட்டால் நெகிழ்வார். ஆனால் நாளைக்கு எழுந்து செய்ய எதுவும் இல்லை, செய்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்திருப்பார். மனச்சோர்வு மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. வயதானவர்களுக்கு இது இயல்புதானே என்று வீட்டாரும் மருத்துவர்களும் கடந்துபோய்விடுவதால், சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாக இது கண்ணிலும் படுவதில்லை.

ஆய்வில் 18 பேர் பங்கேற்றார்கள். சராசரி வயது 59. ஆறு ஆறு பேராக மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவும் எட்டு முதல் பத்து முறை கூடிப் பேசியது. நடுவில் ஒவ்வொருவரும் ஒரு நாள் தனியாக, சிகிச்சையாளர் துணையோடு சைலோசைபின் எடுத்துக்கொண்டார்கள். பிறகு குழுவுக்குத் திரும்பி வந்து கண்டதைச் சொன்னார்கள். முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் நோயாளி ஒருவர், சிகிச்சையாளர் இருவர் என்ற அமைப்பைக் கொண்டிருந்தன. இங்கே ஒரே துயரத்தைக் கடந்துவந்த ஆறு பேர் ஒருவரையொருவர் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய மனத்தளர்ச்சி கணிசமாகக் குறைந்தே இருந்தது. மருந்து நாளில் சிலருக்கு இரத்த அழுத்தம் கூடியது, சிலரைக் கடும் பதற்றம் பிடித்தது. பிறகு அவை தணிந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய முன்னோட்டம் இது. பலன் மருந்திலிருந்து வந்ததா, அந்த அறையில் கூடிய ஆறு பேரிடமிருந்து வந்ததா என்ற கேள்வியை இது தீர்க்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி நம் முன் வைத்துவிட்டது.

2024இல் வெளியான இன்னொரு ஆய்வு வேறு பக்கத்திலிருந்து அதே கேள்விக்கு வந்து சேர்ந்தது. சைக்கடெலிக் முகாம்களில் குழுவாக மருந்து எடுத்துக்கொண்டவர்களில் 60 வயதைக் கடந்த 62 பேரை, அதே எண்ணிக்கையிலான இளையவர்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இரு தரப்பிலும் மனநலம் மேம்பட்டிருந்தது. ஆனால் மருந்தின் உடனடித் தாக்கம் முதியவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. அவர்களிடம் யார் அதிகம் மேம்படுவார் என்பதை முன்கூட்டிக் காட்டியது, உடன் கலந்துகொண்டவர்களோடு அவர் உணர்ந்த ஒட்டுறவு. இவர்கள் தாமாக விரும்பிப் போனவர்கள் என்பதால் எல்லா முதியவர்களுக்கும் இந்த முடிவைப் பொருத்திவிட முடியாது. எனினும் தாக்கம் குறைவு, பலன் குறையவில்லை என்ற இந்தச் சேர்க்கையைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

முதிய உடலில் இந்த மருந்து

தாக்கம் குறைவதற்கு உடலியல் காரணம் ஒன்று இருக்கலாம். உடலுக்குள் சென்ற சைலோசைபின், சைலோசினாக மாறி, மூளையிலுள்ள 5-எச்டி2ஏ என்ற செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. நான் என்ற எண்ணத்தையும் பழைய நினைவுகளையும் ஓயாமல் சுற்றிவரும் மூளை வலைப்பின்னல் அப்போது சிறிது நேரம் கட்டுத் தளர்கிறது என்று மூளைப்பட ஆய்வுகள் காட்டுகின்றன. வயது ஏற ஏற அந்த ஏற்பிகளின் அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. அதற்காக மருந்தின் அளவை உயர்த்திக்கொண்டு போவதும் எளிதான வழியில்லை. சைலோசைபின் சில மணி நேரம் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டுகிறது. இருபத்தைந்து வயதில் பொருட்படுத்த வேண்டாத ஏற்றம், அடைப்புள்ள இதயத்துக்கு ஆபத்தாகலாம். தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வயது. முதியவர்கள் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளும் குறுக்கிடும்: பரவலாகத் தரப்படும் மனச்சோர்வு மருந்துகள் சைக்கடெலிக்கின் வேகத்தை மழுக்குகின்றன, லித்தியத்தோடு சேர்ந்தால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

இத்தகைய அச்சங்களால்தான் ஆய்வாளர்கள் முதியவர்களை ஒதுக்கிவந்தார்கள். இரத்த அழுத்தம், இதய நோய், பல மருந்துகள் என்று ஒவ்வொரு விலக்கு விதியும் நியாயமானதே. எல்லா விதிகளையும் சேர்த்துப் பொருத்தினால் வாசலைத் தாண்டும் முதியவர் யாரும் இருக்கமாட்டார். ஆனால் சோதித்துப் பார்த்த இடங்களில் அச்சம் முழுக்க மெய்ப்படவில்லை. அந்த 19 பேரில் பாதுகாப்புத் தகவல் கிடைத்தவர்களிடம் கடுமையான பாதகம் எதுவும் பதிவாகவில்லை. வந்தவை மிதமான, தற்காலிகமான தொல்லைகள். பத்தொன்பது பேரை வைத்து ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. கூடாது என்று கதவடைக்கவும் அந்த எண்ணிக்கை போதாது.

பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த நோய் முற்றும்போது பலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். அதற்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதிக்கப்பட்ட பிமாவன்செரின் என்ற மருந்து, சைலோசைபின் தூண்டும் அதே ஏற்பியை அடக்குகிறது. அப்படியிருக்கப் பார்க்கின்சன் நோயாளிக்குச் சைலோசைபின் தருவது வம்பை விலைகொடுத்து வாங்குவதாகவே தோன்றும். சான் ஃபிரான்சிஸ்கோவில் எலன் பிராட்லியின் குழு 12 பேருக்கு முதலில் 10 மில்லிகிராம், பிறகு 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. 40 முதல் 75 வயது வரையுள்ளவர்களை அது சேர்த்துக்கொண்டது. மாயத்தோற்றங்கள் மோசமடையவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. நோயின் உடல் அறிகுறிகளிலும் முன்னேற்றம் பதிவானது. 2025இல் வெளியான இந்த முடிவுகளிலும் ஒப்பீட்டுக் குழு கிடையாது.

எதை நம்பலாம்?

இத்துறையின் தீராத சிக்கல், மருந்தா போலி மருந்தா என்பதை மறைக்க முடியாமை. சைலோசைபின் எடுத்தவருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அருகில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். பலன் கிடைக்கும் என்று நம்பி வந்தவருக்கு மருந்து கிடைத்த உற்சாகமும், கிடைக்காதவருக்கு ஏமாற்றமும் முடிவுகளில் கலந்துவிடும். இதேபோல உளச்சிகிச்சையோடு சேர்த்துத் தருவதற்காக முன்வைக்கப்பட்ட எம்டிஎம்ஏ என்ற மருந்தை 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்க மறுத்ததற்கு முன்பு நடந்த விவாதங்களில் இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. அந்த மருந்தின் ஆய்வொன்றில் பங்கேற்பாளரிடம் சிகிச்சையாளர்கள் பாலியல் ரீதியாக அத்துமீறிய செய்தியும் அப்போது மீண்டும் எழுந்தது. மருந்தின் பிடியில் இருப்பவர் எதற்கும் இணங்கும் நிலையில் இருக்கிறார். நினைவு மங்கத் தொடங்கிய, பிறரைச் சார்ந்து வாழும் முதியவரிடம் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். 2016 ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதும் மறக்கக் கூடாதது.

ஆய்வுகள் முதிர்வதற்குள் சட்டங்கள் நகரத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020இலும் கொலராடோ 2022இலும் மக்கள் வாக்கெடுப்பின் வழியே சைலோசைபின் அமர்வுகளுக்கு வழிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், பிற சிகிச்சைகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற உளநோய் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்கலாம். கனடா, சாவை எதிர்நோக்கிய நான்கு பேருக்கு 2020இல் தனிச்சலுகையாக அதை அனுமதித்தது. இந்தச் சிகிச்சையின் செலவில் பெரும்பகுதி மருந்துக்கு ஆவதில்லை, உடனிருப்பவர்களின் நேரத்துக்கு ஆகிறது. ஆகவே இரண்டு சிகிச்சையாளர்களை ஒருவராக்கலாமா, பேச்சு அமர்வுகளைக் குறைக்கலாமா என்று யோசிப்பது நிறுவனங்களுக்கு இயல்பு. முதியவர்களைப் பொறுத்தவரை, பலன் தரும் பகுதியையே வெட்டியெறிவதாக அது முடியலாம்.

இந்தியாவில் சைலோசைபினும் எல்எஸ்டியும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு பெரும்பாலும் கொடைக்கானல் போதைக் காளான் கைதுச் செய்திகளோடு நின்றுவிடுகிறது. அந்தக் காளானைத் தேடிப் போகும் இளைஞருக்கும் இந்த ஆய்வுகளுக்கும் பொதுவாக இருப்பது வேதிப்பொருள் ஒன்றுதான். தகுதி பார்த்தல், அளவு, முன்தயாரிப்பு, உடனிருப்பு எதுவும் அங்கே இல்லை.

இனி தேவைப்படும் ஆய்வின் வடிவம் தெளிவாகவே இருக்கிறது. எழுபதைக் கடந்தவர்களைச் சேர்க்க வேண்டும். கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்தையோ நீரிழிவையோ காரணம் காட்டி விலக்கக் கூடாது. மனச்சோர்வோடு மனத்தளர்ச்சியையும் தனிமையையும் அளக்க வேண்டும். முக்கியமாக, ஒரே மாதிரிக் குழு அமர்வுகள், ஒரே அளவு மணி நேரம், ஒரே சிகிச்சையாளர்கள் என்று வைத்து ஒரு பிரிவுக்கு மருந்தோடும் மறு பிரிவுக்கு மருந்தே இல்லாமலும் நடத்த வேண்டும். எந்த உளச்சிகிச்சையும் பெறாத மூன்றாவது பிரிவும் வேண்டும். அப்போதுதான் மருந்தின் பங்கையும் மனிதர்களின் பங்கையும் தனித்தனியே கணக்கிட முடியும்.

மருந்துப் பிரிவு தெளிவாக முந்தினால், முதியவர்களை இனியும் வாசலில் நிறுத்திவைக்க எவருக்கும் நியாயம் இருக்காது. குழுவே பாதிப் பலனைத் தந்துவிடுகிறது என்று தெரிந்தால் அதுவும் தோல்வி ஆகாது. அந்தப் பாதியைக் கொடுக்க எந்த நாடும் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை; எந்த நிறுவனத்தின் காப்புரிமைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒத்த துயரமுள்ள ஆறு முதியவர்களையும் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு சிகிச்சையாளரையும் ஓர் அறையில் சேர்த்தால் போதும். அதற்கும் பணம் ஒதுக்க மறுக்கும் சுகாதாரத் துறைகள், இன்றைக்குச் சொல்வதுபோல மருந்தின் ஆபத்தைக் காரணமாகக் காட்ட முடியாது.